வண்டி சூடானால் அணைந்துவிடுகிறது, ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ஈசூன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கார் சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு பதிவானது. ஜப்பானியத் தயாரிப்பு, 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், ஆட்டோ கியர். 2018இல், காரை இங்கு வைத்து ஓட்ட அனுமதிக்கும் வாகன உரிமைச் சான்றிதழைப் பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்துவிட்டதால் 2028 வரை இதையே வைத்துக்கொள்ள விரும்புகிறோம். அம்மாவைச் சிறுநீரகச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது இந்தக் காரில்தான். வழியில் எங்கே நின்றுவிடுமோ என்ற அச்சத்துடன் ஓட்டுவது எனக்குப் பெரும் பாரமாக இருப்பதால்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

காலையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார் நிறுத்துமிடத்தில் சாவியைத் திருப்பியவுடன் இன்ஜின் ஓடத் தொடங்கிவிடும். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முக்கால் மணி நேரம் ஓடிய பிறகு, குறிப்பாகப் பிற்பகல் வெயிலில் நெரிசலுக்குள் ஊர்ந்து போகும்போது, திணறலோ நடுக்கமோ இல்லாமல் சட்டென்று அணைந்துவிடுகிறது. மறுபடி சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நல்ல வேகத்தில் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பற்றிக்கொள்வதில்லை. போனெட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. அண்மையில் பிஐஇ விரைவுச்சாலையில் அம்மா பின்னிருக்கையில் இருக்கும்போது இப்படி நேர்ந்தது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, விரைவுச்சாலைக்கு வெளியே உள்ள கார் நிறுத்துமிடத்தில் கட்டணமின்றிக் கொண்டுபோய் விட்டது. பட்டறையிலிருந்து ஆள் வந்து சேர்வதற்குள் வண்டி ஆறிவிட்டது. அவர் சாவியைத் திருப்பினார், உடனே ஸ்டார்ட் ஆனது. "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதுவரை பட்டறையின் யோசனைப்படி பேட்டரி, ஸ்பார்க் பிளக்குகள், பெட்ரோல் ஃபில்டர் ஆகியவற்றை மாற்றியாகிவிட்டது. இப்போது இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. சிவப்பு விளக்கில் ஏர்கான் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 500க்குக் கீழே இறங்கி, வண்டி நடுங்கி, சில வேளைகளில் அணைந்தும் விடுகிறது. ஆனால் இவ்வாறு அணையும்போது மட்டும் உடனே ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. வண்டி ஓடும்போது டேஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை. அடுத்ததாகப் பெட்ரோல் பம்ப்பையும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் நான்கு இக்னிஷன் காயில்களையும் மாற்றிப் பார்க்கலாம், அதிலும் தீராவிட்டால் இன்ஜின் கணினியையே மாற்ற வேண்டியிருக்கும் என்கிறார்கள். அவ்வளவு செலவு செய்வதற்கு முன்னால் எதை, எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பழைய ஸ்பேனர் எழுதியது:

தம்பி, பம்ப்பையும் காயில்களையும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். சின் மிங் பட்டறைகளில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் எழுதியதில் ஒரு நோயில்லை, இரண்டு நோய்கள் இருக்கின்றன. இரண்டிலும் இன்ஜின் அணைவதால் ஒன்றுபோல் தோன்றுகின்றன. சிவப்பு விளக்கில் முள் இறங்கி, நடுங்கி, அணைந்து, உடனே மறுபடி ஓடுவது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அறுந்தாற்போல் நின்று, ஆறும்வரை உயிர் பெறாமல் இருப்பது மற்றொன்று. இவை இரண்டையும் ஒரே காரணத்தில் அடக்கப் பார்ப்பதால்தான் ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போகிறார்கள்.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். சிவப்பு விளக்குத் தொல்லை பேட்டரி மாற்றிய பிறகு தொடங்கியதா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். காற்று உள்ளே போகும் த்ராட்டில் பாடியின் தகட்டு விளிம்பில், இன்ஜினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகையால் ஆண்டுக்கணக்கில் கரி படிகிறது. கரி படியப் படிய, வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் உள்ளே நுழையும் காற்று குறையும். அதை இசியூ என்ற இன்ஜின் கணினி கவனித்து, காற்றுவழியைச் சிறிது சிறிதாகக் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிக்கொண்டே வரும். அவ்வாறு அது கற்றுக்கொண்ட அளவு, பேட்டரி இணைப்பு இருக்கும்வரை அதன் நினைவில் இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் பல கார்களில் அந்த நினைவு அழிந்து, கணினி தொழிற்சாலை அளவுக்குத் திரும்பிவிடும். கரியோ படிந்தபடியே இருக்கிறது. அதன்மேல் ஏர்கான் கம்ப்ரசரின் சுமையும் ஏறும்போது காற்று போதாமல் இன்ஜின் தள்ளாடுகிறது. த்ராட்டில் பாடியை அதற்குரிய கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைத்து, பிறகு உங்கள் காருக்குரிய முறைப்படி ஐட்லிங் அளவைக் கணினிக்குத் திரும்பக் கற்பிக்க வேண்டும். தகடு மோட்டாரால் இயங்கும் வகையாக இருந்தால் விரலால் தள்ளித் திறக்கக் கூடாது, பற்சக்கரம் பழுதாகிவிடும். துடைத்த பிறகும் முள் ஏறி இறங்கினால், காற்றுக்குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்குள்ள வெப்பத்தில் ரப்பர் குழாய்கள் மடிப்புகளில் வெடித்துப்போவது சாதாரணம்.

இனி உங்களை அச்சப்படுத்தும் நோய்க்கு வருகிறேன். பெட்ரோல் இன்ஜின் ஓட வேண்டுமானால் காற்றும் பெட்ரோலும் தீப்பொறியும் வேண்டும், சிலிண்டரில் அழுத்தமும் வேண்டும். அழுத்தம் அரை மணி நேரத்தில் போய் வருவதில்லை. காற்று சட்டென்று நிற்பதுமில்லை. ஆகவே போவது பெட்ரோல் அல்லது தீப்பொறி, அல்லது இரண்டும் சேர்ந்து. இதில் எது போகிறது என்பது வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டுமே தெரியும். ஆறிய பிறகு எந்தக் கெட்டிக்கார மெக்கானிக் பார்த்தாலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். உங்களைத் தேடி வந்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் வந்தபோது சான்று போய்விட்டது. அதைச் சேகரிக்கக்கூடியவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்கும் நீங்கள்தான்.

அடுத்த முறை அணைந்தவுடன் சாவியைத் திரும்பத் திரும்பத் திருப்பாதீர்கள். முதலில் வண்டியைப் பாதுகாப்பாக ஓரம் கட்டி, அபாய விளக்கைப் போட்டு, விரைவுச்சாலையாக இருந்தால் எல்லாரும் தடுப்புக்கு அப்பால் போய் நில்லுங்கள். அங்கே எந்தச் சோதனையும் வேண்டாம். ஓடும்போது அணைந்தால் ஸ்டியரிங் கனமாகும், பிரேக் ஓரிரு மிதிக்கு மட்டுமே பழைய மென்மையுடன் இருக்கும் என்பதால், மிதித்து மிதித்து விடாமல் ஒரே சீராக அழுத்தி நிறுத்துங்கள். ஆபத்தில்லாத இடத்தில் நின்றால், ரேடியோவையும் ஏர்கான் விசிறியையும் அணைத்துவிட்டு, சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல் அதற்கு முந்தைய நிலையில் வையுங்கள். இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அந்நிலையில் அது எரிய வேண்டும். அதே கணத்தில் பின்னிருக்கைப் பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் ஏறத்தாழ இரண்டு நொடி ரீங்கரித்து நிற்கும் ஒலி பெரும்பாலான கார்களில் கேட்கும். அதன்பின் ஸ்டார்ட் செய்து, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் முள் 200, 300 அளவுக்காவது அசைகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக வண்டியின் பின்னால் போய்ப் புகைக்குழாயில் எரியாத பெட்ரோல் வாசனை வருகிறதா என்று பாருங்கள்.

பம்ப் ஒலி இல்லை, மற்றவை சரி என்றால் பம்ப் அல்லது அதற்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான ரிலே. பம்ப் ஒலிக்கிறது, முள் அசைகிறது, பெட்ரோல் வாசனையும் வருகிறது என்றால் காயில் பக்கம் பார்க்க வேண்டும். ஆனால் நான்கு காயில்களும் ஒரே நேரத்தில் செத்து ஒரே நேரத்தில் உயிர் பெறுவதை நான் கண்டதில்லை. பம்ப் ஒலித்தும் முள் அசையவில்லை, வாசனையும் இல்லை என்றால், இன்ஜின் சுற்றுகிறது என்பதே கணினிக்குத் தெரியவில்லை என்று பொருள். அப்போது, இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட் சுற்றுவதை மின்துடிப்புகளாகக் கணினிக்குத் தெரிவிக்கும் கிராங்க்ஷாஃப்ட் சென்சாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சூட்டில் அறுந்து, ஆறினால் சேரும் பாகங்களில் முதலிடம் அதற்குத்தான். கேட்டதை வைத்துச் சொல்வதானால் என் ஊகம் அதன் பக்கமே சாய்கிறது, ஆனால் ஊகத்தை நம்பிப் பாகம் வாங்கச் சொல்ல மாட்டேன்.


காலைப்பயணி எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு நேர்மாறான தொல்லை. 2009ஆம் ஆண்டுக் கார். சூடாக இருக்கும்போது எந்தக் குறையும் இல்லை, ஆனால் இரவு முழுவதும் நின்ற பிறகு காலையில் நெடுநேரம் சுற்றினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. பேட்டரி புதியது, ஸ்டார்ட்டரும் நன்றாகவே சுற்றுகிறது. இதற்கும் அதே சென்சார்தான் காரணமாக இருக்குமா?


மின்சுற்று எழுதியது:

காலைப்பயணி அவர்களுக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலையில் சாவியை ஸ்டார்ட் வரை கொண்டுபோகாமல், பம்ப் ரீங்கரித்து நிற்கும்வரை காத்திருந்து அணையுங்கள். இதை மூன்று நான்கு முறை செய்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே பற்றிக்கொண்டால், இரவில் குழாயில் நிற்க வேண்டிய பெட்ரோல் அழுத்தம் வடிந்துவிடுகிறது என்று கொள்ளலாம். பம்ப்பினுள் இருக்கும் ஒருவழி வால்வு, அழுத்தச் சீராக்கி, கசியும் இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். பெட்ரோல் அழுத்தமானியை இணைத்து, இன்ஜினை அணைத்த பிறகு அழுத்தம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்தால் உறுதியாகிவிடும். இந்த முறைக்கு மசியவில்லை என்றால் கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் நீர்) வெப்பநிலை சென்சாரைப் பாருங்கள். காரின் கணினியுடன் இணைத்து அளவுகளைப் படிக்கும் ஓபிடி-2 ஸ்கேனர் வைத்திருந்தால் அதற்கு மிக எளிய சோதனை உண்டு: இரவு முழுதும் நின்ற காரில் கூலன்ட் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர்க் காலைப்பொழுதில் இரண்டும் 27, 28 டிகிரியை ஒட்டிக் காட்டும். காற்று 28 காட்ட, கூலன்ட் 60 காட்டினால், இன்ஜின் சூடாக இருப்பதாகக் கணினி தவறாக எண்ணிப் பெட்ரோலைக் குறைத்து விடுகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

இனி ஈசூன்வாசியின் கேள்வி. பெரியவர் சொன்னதில் எனக்குக் கருத்து வேறுபாடில்லை, ஆனால் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். கிராங்க்ஷாஃப்ட் சென்சாரைப்போலவே மெயின் ரிலேயும் சூட்டில் அறுந்து ஆறினால் சேரும். பழைய கார்களில் இந்த ரிலேயின் உள்ளே இருக்கும் சாலிடர் இணைப்பில் மயிரிழை அளவு விரிசல் விட்டு, வெயிலில் நின்ற காரின் உட்புறம் கொதிக்கும்போது தொடர்பு விட்டுப்போகும். அடையாளமும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுத்திக் காட்டுவது அந்த எச்சரிக்கை விளக்குதான். மெயின் ரிலே இணையவில்லை என்றால் இன்ஜின் கணினிக்கு மின்சாரமே போகாது. பல கார்களில் சாவியைத் திருப்பியதும் எரிய வேண்டிய விளக்கு எரியாது, பம்ப்பும் ஒலிக்காது, ஸ்கேனரும் கணினியுடன் பேசாது. சென்சார் மட்டும் போயிருந்தால் இவை மூன்றும் சரியாக இருக்கும். ஆகவே விளக்கைப் பார்க்கச் சொன்னதை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள்.

விலை குறைந்த புளூடூத் ஸ்கேனர் ஒன்றைக் காரிலேயே வைத்திருங்கள். பிழைக் குறியீடு பதிவாகவில்லை என்பதற்காகக் குறையில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். சென்சாரின் துடிப்புகள் நின்றால், இன்ஜினைத்தான் அணைத்துவிட்டார்கள் என்றே சில கணினிகள் எடுத்துக்கொள்ளும். பி0335 என்ற கிராங்க்ஷாஃப்ட் சென்சார் குறியீடு வராமலே மாதக்கணக்கில் ஏமாற்றும். குறியீட்டைவிட, ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஸ்கேனர் காட்டும் நேரடி ஆர்பிஎம் மதிப்பு நம்பகமானது. டேஷ்போர்டு முள் சில கார்களில் அவ்வளவு குறைந்த வேகத்தில் அசையாது என்பதால், ஆறிய நிலையில் ஸ்டார்ட் ஆகும்போது எவ்வளவு காட்டுகிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட ஏதாவது இருந்தால்தான் பூஜ்யத்துக்கும் பொருள் உண்டு.

மின்னழுத்தத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக் கூடாது, ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருப்பது நல்லது. ஸ்டார்ட்டர் சுற்றும்போதே மல்ட்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மறுமுனையை இன்ஜின் உலோகத்திலும் வைத்தால் பத்தில் இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கிறது. உங்கள் நோய்க்கு இது காரணமாக இருக்காது, ஆனால் பதினைந்து ஆண்டைத் தாண்டிய காரில் இதைப் பார்க்காமல் மற்ற அளவீடுகளை நம்ப முடியாது.

இன்னொன்றையும் கவலையோடு சொல்கிறேன். செலவு குறையும் என்று இந்த நிலையில் காரை மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். எல்லையைக் கடக்கும் கடற்பாலத்தில் வெயிலில் ஊர்ந்து நகரும் வரிசைதான் இந்த நோய் வெளிப்படுவதற்கு மிகவும் ஏற்ற இடம். அங்கே நின்றால் உங்களோடு சேர்ந்து அம்மாவும் அவதிப்பட நேரும். நோய் தீரும்வரை அவரைச் சிகிச்சைக்கு டாக்சியில் அழைத்துச் செல்வதே நல்லது.


ஈசூன்வாசி எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவை இப்போது டாக்சியில்தான் அழைத்துச் செல்கிறேன். சிவப்பு விளக்குத் தொல்லை பேட்டரி மாற்றிய வாரத்தில்தான் தொடங்கியது என்பதை வீட்டிலும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

நேற்றுப் பிற்பகல் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு, வேண்டுமென்றே அங் மோ கியோ, தோ பாயோ சாலைகளில் மெதுவாகச் சுற்றினேன். எதிர்பார்த்தபடியே அணைந்தது. நல்லவேளையாக ஒரு கார் நிறுத்துமிடத்தின் நுழைவாயிலை ஒட்டி நின்றது. அங்கிருந்த ஒருவரின் உதவியோடு உள்ளே தள்ளி நிறுத்தினேன். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. கதவுகளைச் சாத்திவிட்டுப் பின்னிருக்கையில் காதை வைத்துக் கேட்டபோது பம்ப் இரண்டு நொடி ரீங்கரித்து நின்றது தெளிவாகக் கேட்டது. ஸ்கேனர் கணினியுடன் இணைந்தது. கூலன்ட் வெப்பநிலை 94 டிகிரி, பிழைக் குறியீடு ஏதுமில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது ஆர்பிஎம் 0 என்றே நின்றது, முள்ளும் அசையவில்லை. காலையில் ஆறிய நிலையில் பார்த்தபோது பற்றிக்கொள்வதற்கு முன் 250 அளவில் காட்டியிருந்தது. புகைக்குழாயில் பெட்ரோல் வாசனை சிறிதும் இல்லை. அரை மணி நேரம் கழித்துத் திரும்பவும் முயன்றேன்; இம்முறை 240 என்று காட்டி உடனே ஸ்டார்ட் ஆனது. ஸ்கேனர் திரையைப் படமெடுத்து வைத்திருக்கிறேன்.

இனி சென்சாரை மாற்றச் சொல்லிவிடலாமா? அது எங்கே இருக்கிறது என்று விசாரித்தபோது, இந்த இன்ஜினில் முன்பக்கம் கீழே, கிராங்க்ஷாஃப்டையும் வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டின் மூடிக்குப் பின்னால் இருக்கிறது என்றார்கள். எட்டாத இடம் என்பதால் கூலி கூடுதலாகும் என்றும் சொல்கிறார்கள்.


பழைய ஸ்பேனர் எழுதியது:

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள், தம்பி. இவ்வளவு தெளிவான சான்றுடன் பட்டறைக்கு வரும் வாடிக்கையாளரைக் காண்பது அரிது. விளக்கு எரிந்து ஸ்கேனரும் இணைந்ததால் கணினிக்கு மின்சாரம் போகிறது. மெயின் ரிலேயைக் கழித்துவிடலாம். பம்ப் ஒலித்ததால் பம்ப்பையும் அதன் ரிலேயையும் கழித்துவிடலாம். இன்ஜின் சுற்றும்போது 0, ஆறியபின் 240. கணினிக்குத் துடிப்பு வந்து சேரவில்லை என்பது உறுதி. துடிப்பு வராவிட்டால் கணினி தீப்பொறியையும் கொடுக்காது, இன்ஜெக்டரையும் திறக்காது, பம்ப்பையும் தொடர்ந்து ஓட்டாது. அதனால்தான் வாசனை இல்லை.

ஆனால் துடிப்பு வரவில்லை என்பதற்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். சென்சார், அதற்குப் போகும் கம்பிகள், அவை இணையும் சாக்கெட். சென்சாரைக் கழற்றுவதற்கு முன் சாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று கம்பிகள் உள்ள ஹால் வகைச் சென்சாராக இருந்தால், சாவி போட்ட நிலையில் ஒரு கம்பியில் கணினி தரும் மின்னழுத்தமும் மற்றொன்றில் நல்ல எர்த்தும் இருக்க வேண்டும். அவ்வகைச் சென்சாரை ஓம் அளந்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. இரண்டு கம்பி உள்ள காந்தச்சுருள் வகையாக இருந்தால், ஆறிய நிலையிலும் சூடான நிலையிலும் ஓம் அளந்து ஒப்பிடலாம். மெல்லிய செம்புக் கம்பி சூட்டில் விரிந்து அறுந்தால் அளவு முடிவிலிக்குப் போய்விடும். மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் அலைக்காட்டி வைத்திருக்கும் பட்டறையாக இருந்தால் இன்னும் நல்லது. கணினியின் சாக்கெட்டிலேயே துடிப்பைப் பார்த்துக்கொண்டு, இன்ஜின் அணையும் கணத்தில் அது எப்படி மறைகிறது என்று கண்ணால் காணலாம். சென்சார் மேல் தண்ணீர் ஊற்றி ஆற்றிப் பார்க்கும் வழக்கம் உண்டு, ஆனால் உங்கள் இன்ஜினில் அது பெல்ட்டை ஒட்டி இருப்பதால் அதைச் செய்ய விடாதீர்கள்.

கம்பிகளும் சாக்கெட்டும் நன்றாக இருந்தால் தயங்காமல் சென்சாரை மாற்றுங்கள். இந்த ஒரு பாகத்தில் மட்டும் விலை குறைந்த மாற்றுத் தயாரிப்பை வாங்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்வேன். உள்ளே இருக்கும் மின்னணுப் பாகம் தரமில்லாததாக இருந்தால், சில மாதங்களில் இதே கதை திரும்பவும் நடக்கும்; அப்போது புதிய சென்சாரை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். மூலத் தயாரிப்பாளரின் பாகத்தையே காக்கி புக்கிட், உபி பக்க உதிரிபாகக் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

கூலியைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது? இத்தகைய இன்ஜின்களில் பொதுவாக 1,00,000 கிலோமீட்டர் அளவில் அதை மாற்றுவார்கள். அந்தக் கெடு நெருங்கியிருந்தாலோ, கடைசியாக மாற்றியது நினைவில்லை என்றாலோ, மூடியைக் கழற்றும் அதே வேலையில் பெல்ட்டையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் தண்ணீர்ப் பம்ப்பையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். தனித்தனியாகச் செய்தால் அதே மூடியைக் கழற்றுவதற்கு மறுபடி கூலி கொடுக்க நேரும்.

பம்ப்பை மாற்றத் தேவையில்லை என்று சொன்னாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை. தொட்டிக்குள் இருக்கும் பம்ப்பை ஆற்றுவது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான். பெட்ரோல் குறைவைக் காட்டும் விளக்கு எரியும்வரை தொட்டியைக் காய விட்டுப் பிறகு நிரப்பும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கால் தொட்டிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் பழைய பம்ப் இன்னும் பல ஆண்டு உழைக்கும்.


காலைப்பயணி எழுதியது:

மின்சுற்று அவர்கள் சொன்னபடி பம்ப்பைச் சில முறை ஒலிக்கவிட்டு ஸ்டார்ட் செய்தேன், உடனே பற்றிக்கொண்டது. வெப்பநிலை அளவுகள் இரண்டும் 28 டிகிரியில் ஒத்துப்போகின்றன. அழுத்தமானி வைத்துப் பார்க்கும் பட்டறையைத் தேடுகிறேன். நன்றி.


ஈசூன்வாசி எழுதியது:

வேலை முடிந்தது. படங்களைக் காட்டியபோது பட்டறைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் சாக்கெட்டைப் பிரித்து அளந்தார். மின்னழுத்தமும் எர்த்தும் சரியாக இருந்தன. பெல்ட் மாற்றிய பதிவு எங்களிடம் இல்லாததால் பெல்ட், டென்ஷனர், தண்ணீர்ப் பம்ப், சென்சார் எல்லாவற்றையும் ஒரே வேலையாகச் செய்யச் சொன்னேன். த்ராட்டில் பாடியையும் துடைத்து ஐட்லிங் அளவைக் கற்பித்தார்கள். இப்போது ஏர்கான் ஓடும்போது முள் 750இல் நிலையாக நிற்கிறது. மிகவும் வெயிலான பிற்பகல்களில் நெரிசலில் ஓட்டிப் பார்த்தும் ஒருமுறைகூட அணையவில்லை. அம்மா மீண்டும் இதே காரில் சிகிச்சைக்கு வருகிறார்.

ஒரே ஒரு ஐயம். கழற்றிய சென்சாரின் சாக்கெட் பக்கம் முழுவதும் எண்ணெய்ப் பசையாக இருந்தது. மூடியின் உட்புறத்திலும் கீழ்ப்பகுதியில் எண்ணெய் வழிந்த தடம் இருந்தது. பட்டறையில் துடைத்துவிட்டு, "பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும்" என்றார்கள். இதை விட்டுவிடலாமா?


பழைய ஸ்பேனர் எழுதியது:

விட்டுவிட வேண்டாம். அந்த இடத்தில் எண்ணெய் வருகிறது என்றால் கிராங்க்ஷாஃப்டின் முன்பக்க ஆயில் சீல் (எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் வளையம்) அல்லது அதற்கு மேலே உள்ள கேம்ஷாஃப்ட் சீல் கசிகிறது. எண்ணெய் பட்டால் புதிய பெல்ட்டின் ரப்பர் ஊறிப்போய், காலத்துக்கு முன்பே பல் உதிரும். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வுகளும் வளைந்துவிடும். சென்சார் சாக்கெட்டுக்கும் அது கேடுதான். சீல்களையும் மாற்றினார்களா என்று பில்லைப் பாருங்கள். மாற்றவில்லை என்றால் இந்த வாரமே வண்டியைக் கொண்டுபோய், மூடியின் கீழ்ப்பகுதியைத் திறந்து புதிய எண்ணெய் வந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்திருந்தால் அடுத்த இன்ஜின் ஆயில் மாற்றும்போது மறுபடி பார்த்தால் போதும். ஈரம் இருந்தால், பெல்ட் இன்னும் புதிதாக இருக்கும்போதே சீல்களை மாற்றிவிடுங்கள். சீலின் விலை குறைவு. அதே வேலையில் செய்திருக்க வேண்டியது என்பதால் கூலியைக் குறைத்துக்கொள்ளும்படி நீங்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.